ஹைன்ரிக் ஹெர்ட்ஸ்

ஹைன்ரிக் ருடோல்ஃப் ஹெர்ட்ஸ் (பெப்ரவரி 22, 1857 – ஜனவரி 1, 1894) ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த ஓர் இயற்பியலாளர் ஆவார். மின்காந்த அலைகளைச் செயற்கையாக உருவாக்கி, அவை வெளியில் பரவுவதைச் செய்முறை மூலம் முதன்முதலில் ஐயத்திற்கு இடமின்றிக் காட்டியவர் இவரே. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கணித வழியில் முன்வைத்த கொள்கை, இவருடைய 1886–1888 ஆண்டுச் சோதனைகளுக்குப் பின்னரே ஐரோப்பாவில் பரவலாக ஏற்கப்பட்டது. அதிர்வெண்ணின் அலகு இவர் பெயரால் ஹெர்ட்ஸ் என வழங்கப்படுகிறது. இவர் தமது 36 ஆவது வயதிலேயே காலமானார்.

இளமையும் கல்வியும்

ஹெர்ட்ஸ் வட ஜெர்மனியின் துறைமுக நகரான ஹாம்பர்க்கில் வசதியான குடும்பமொன்றில் மூத்த மகனாகப் பிறந்தார். தந்தை குஸ்டாவ் ஃபெர்டினாண்ட் ஹெர்ட்ஸ் ஒரு வழக்கறிஞர். பின்னாளில் நகரின் செனட் அவை உறுப்பினர் ஆனார். தாய் அன்னா எலிசபெத் ஒரு மருத்துவரின் மகள். தந்தை வழியினர் யூத மரபில் வந்து லூத்தரன் கிறித்தவத்துக்கு மாறியவர்கள். ஹெர்ட்ஸும் லூத்தரன் சமயத்திலேயே வளர்க்கப்பட்டார். இந்தச் செய்தி அவர் வாழ்நாளில் பெரிதாகப் பேசப்படவில்லை. அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே இது அவரது குடும்பத்தைத் துன்பத்தில் தள்ளியது.

சிறுவயதில் இவருக்கு இரண்டு திறமைகள் ஒருங்கே இருந்தன. ஒன்று மொழிகள், பள்ளியில் கற்ற மொழிகள் போதாமல் அரபு மொழியையும் கற்றார். மற்றொன்று கைவேலை. வீட்டில் தச்சுக் கருவிகளும் கடைசல் பொறியும் வைத்துக்கொண்டு தாமே சிறு கருவிகளைச் செய்தார். பிற்காலத்தில் இவரது கண்டுபிடிப்புகளுக்குப் பயன்பட்ட கருவிகள் பெரும்பாலும் துத்தநாகத் தகடு, செப்புக் கம்பி, மரச் சட்டம் ஆகியவற்றால் ஆனவையே. எனவே இந்தக் கடைசல் பொறியை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

1875ல் பள்ளிப் படிப்பை முடித்த ஹெர்ட்ஸ், பொறியாளராக விரும்பி பிராங்பர்ட் நகரில் கட்டுமானத் துறையில் ஓராண்டு பயிற்சி பெற்றார். பின்னர் டிரெஸ்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் சிறிது காலம் பயின்றார். பெர்லினில் கட்டாய இராணுவ சேவையை முடித்துவிட்டு 1877ல் மியூனிக் சென்றபோது பொறியியலைக் கைவிட்டு இயற்பியலுக்கு மாறினார். 1878ல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஹெர்மன் ஃபொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், குஸ்டாவ் கிர்க்காஃப் ஆகியோர் இவருக்கு ஆசிரியர்களாக அமைந்தனர். சுழலும் கோளங்களில் தோன்றும் மின்தூண்டல் பற்றிய ஆய்வுக்காக 1880ல் முனைவர் பட்டம் பெற்றார்.

பின்னணி: அலைகளும் ஊடகமும்

ஹெர்ட்ஸ் மாணவராக இருந்த காலத்தில் இயற்பியலில் தீர்க்கப்படாத ஒரு பெரும் கேள்வி இருந்தது. அதை விளங்கிக்கொள்ள அலைகள் பரவும் விதத்தைச் சற்று நோக்க வேண்டும்.

ஒலி ஒரு பொறிமுறை அலை ஆகும். காற்றுத் துகள்கள் முன்னும் பின்னும் அசைந்து, நெருக்கமும் நெகிழ்வும் மாறி மாறிக் கடத்தப்படுவதால் ஒலி பரவுகிறது. துகள்கள் அலை செல்லும் திசையிலேயே அசைவதால் இது நெட்டலை எனப்படும். ஒலியின் வேகம் ஊடகத்தைப் பொறுத்தது: 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையுள்ள காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர், நீரில் சுமார் 1,480 மீட்டர், எஃகில் 5,000 மீட்டருக்கும் மேல். ஊடகம் இல்லையேல் ஒலி இல்லை. மணி ஒலிக்கும் கண்ணாடிக் கலத்திலிருந்து காற்றை வெளியேற்றினால் ஓசை தேய்ந்து மறையும். ஆனால் மணி தொடர்ந்து கண்ணுக்குத் தெரியும். ஒளி வெற்றிடத்தைக் கடக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

ஒளியும் அலையே என்பது 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங், அகஸ்டின் ஃபிரெனெல் ஆகியோரால் நிறுவப்பட்டது. அது குறுக்கலை என்பதும், அதாவது அதிர்வு அலையின் திசைக்குச் செங்குத்தாக அமைகிறது என்பதும், அறியப்பட்டிருந்தது. அலை என்றால் ஏதேனும் ஒன்று அசைய வேண்டும் என்று அக்கால அறிஞர்கள் கருதியதால், வெற்றிடம் முழுவதும் ஈதர் என்னும் கண்ணுக்குத் தெரியாத ஊடகம் நிரம்பியுள்ளது என்றனர்.

மின்சாரம், காந்தம் ஆகியவற்றின் நிலை வேறு. ஒரு மின்னூட்டம் தொலைவிலுள்ள மற்றொன்றை இடைவெளியில் எதுவும் நிகழாமல் உடனடியாகவே ஈர்க்கிறது என்ற கருத்து ஜெர்மனியில் வேரூன்றியிருந்தது. மைக்கேல் பாரடே இதை ஏற்கவில்லை. இடைவெளியிலுள்ள புலமே விசையைக் கடத்துகிறது என்றார். மாக்ஸ்வெல் 1860களில் பாரடேயின் கருத்துக்குக் கணித வடிவம் கொடுத்தபோது, மாறும் மின்புலமும் மாறும் காந்தப்புலமும் ஒன்றையொன்று தோற்றுவித்து அலையாகப் பரவ வேண்டும் என்ற முடிவு கிடைத்தது. மின்னியல் அளவீடுகளிலிருந்து கணக்கிட்ட அதன் வேகம், அளந்தறியப்பட்ட ஒளியின் வேகத்துடன் ஏறத்தாழப் பொருந்தியது. ஆகவே ஒளியே ஒரு மின்காந்த அலை என்றார் மாக்ஸ்வெல்.

எனினும் மின்கருவி ஒன்றினால் அத்தகைய அலையை உண்டாக்கி யாரும் காட்டவில்லை. மாக்ஸ்வெல் 1879ல் காலமானபோது அவரது கொள்கை சமன்பாடுகளாக மட்டுமே இருந்தது.

கைவிடப்பட்ட பரிசுப் போட்டி

மாக்ஸ்வெல் மறைந்த அதே 1879ல், அவரது கொள்கையின் ஒரு பகுதியைச் செய்முறையில் சோதிப்போருக்கு பெர்லின் அறிவியல் கழகம் ஒரு பரிசை அறிவித்தது. மின்கடத்தாப் பொருளில் ஏற்படும் மின்மாற்றம், கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைப் போலவே காந்த விளைவைத் தருமா என்பதே கேள்வி. இதன் பின்னணியில் இருந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ், தம் மாணவர் ஹெர்ட்ஸை இதில் ஈடுபடத் தூண்டினார். ஹெர்ட்ஸ் கணக்கிட்டுப் பார்த்தார். அன்று கிடைத்த அலைவுகளின் வேகத்தில் விளைவு அளவிட முடியாத அளவுக்குச் சிறியதாக இருக்கும் என்று கண்டு மறுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 22. பிரச்சினையை அவர் மறக்கவில்லை. விரைவான மின்னலைவுகளைத் தரும் வழி ஏதும் தென்படுகிறதா என்று கவனித்துக்கொண்டே இருந்ததாகப் பின்னர் எழுதியுள்ளார்.

1880 முதல் 1883 வரை ஹெல்ம்ஹோல்ட்ஸின் உதவியாளராகப் பணியாற்றினார். ஒன்றன்மேல் ஒன்று அழுத்தப்படும் இரண்டு வளைந்த பரப்புகள் எவ்வாறு உருமாறுகின்றன என்ற கணிப்பை இக்காலத்தில்தான் செய்தார். குண்டுத் தாங்கிகள், பற்சக்கரங்கள், தொடர்வண்டிச் சக்கரங்கள் ஆகியவற்றை வடிவமைக்கும் பொறியாளர்கள் இன்றும் ஹெர்ட்ஸ் தொடுகைத் தகைவு என்ற பெயரில் இதைப் பயன்படுத்துகின்றனர். இதே ஹெர்ட்ஸ்தான் வானொலி அலைகளின் ஹெர்ட்ஸ் என்பதை இயந்திரப் பொறியியல் மாணவர் பலர் அறிவதில்லை.

1883ல் கீல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆனார். அங்கு போதிய ஆய்வுக்கூட வசதி இல்லாததால் கோட்பாட்டு ஆய்வுகளில் கவனம் செலுத்தினார். 1885ல் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு அக்கல்லூரி ஆசிரியர் ஒருவரின் மகளான எலிசபெத் டோலை மணந்தார். இவர்களுக்கு ஜோஹன்னா, மத்தில்டே என இரு பெண் குழந்தைகள் பிறந்தனர்.

கார்ல்ஸ்ரூ சோதனைகள்

1886 இலையுதிர் காலத்தில், கல்லூரியின் கருவிச் சேகரிப்பிலிருந்த ஒரு சோடி தட்டைக் கம்பிச் சுருள்களை ஹெர்ட்ஸ் கையாண்டபோது ஒன்றைக் கவனித்தார். ஒரு சுருளின் வழியே சிறிய லேடன் சாடியை மின்னிறக்கம் செய்தால், அருகிலிருந்த மற்றச் சுருளில் பொறி தோன்றியது. பெரிய மின்கலங்கள் தேவைப்படவில்லை. முதல் சுருளில் ஒரு பொறி இடைவெளி இருந்தால் போதும். பொறி பாயும் கணத்தில் மின்னோட்டம் மிக விரைவாக இருபுறமும் அலைகிறது என்று ஹெர்ட்ஸ் ஊகித்தார். ஏழு ஆண்டுகளாகத் தேடிய வழி இதுவே.

அவர் அமைத்த அலைபரப்பி எளிமையானது. ஒரே நேர்கோட்டில் இரண்டு கம்பிகள். அவற்றின் வெளி முனைகளில் 30 செ.மீ. விட்டமுள்ள துத்தநாகக் கோளங்கள். நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு தூண்டு சுருள் இடைவெளியில் உயர் மின்னழுத்தத்தை ஏற்படுத்தும். பொறி பாய்ந்ததும் இரு பக்க மின்னூட்டங்களும் அங்குமிங்குமாக அலையும். இக்கால வழக்கில் கூறினால் கோளங்கள் மின்தேக்கியாகவும், கம்பி மின்தூண்டியாகவும் செயல்படுகின்றன. இவை இரண்டும் சேர்ந்து அதிர்வெண்ணைத் தீர்மானிக்கின்றன. வாங்கி இதைவிட எளியது: 35 செ.மீ. ஆரமுள்ள ஒரு வட்டக் கம்பி, அதில் திருகினால் நுண்ணிதாக மாற்றக்கூடிய ஒரு சிறு இடைவெளி. வட்டத்தின் அளவு அலைபரப்பியுடன் ஒத்ததிர்வு கொள்ளும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது. அலை வந்து சேர்ந்தால் அந்த இடைவெளியில் மில்லிமீட்டரின் நூறில் சில பங்கே நீளமுள்ள பொறி தோன்றும். இருட்டறையில், கண் இருளுக்குப் பழகிய பின்னரே அதைக் காண முடியும். கண்ணைத் தவிர வேறு அளவுகோல் ஏதும் ஹெர்ட்ஸிடம் இல்லை.

பொறியை நன்றாகக் காண்பதற்காக வாங்கியை ஒரு இருண்ட பெட்டிக்குள் வைத்தபோது, பொறியின் நீளம் குறைந்துவிட்டது. இதை ஒதுக்கிவிடாமல், தம் முக்கியப் பணியை நிறுத்தி வைத்துக் காரணத்தைத் தேடினார். இடையில் கண்ணாடி வைத்தால் விளைவு நின்றது. குவார்ட்ஸ் வைத்தால் நிற்கவில்லை. அலைபரப்பியின் பொறியிலிருந்து வரும் புற ஊதாக்கதிர் வாங்கியின் உலோக முனைகளில் பட்டு மின்னிறக்கத்தை எளிதாக்குகிறது என்பதை 1887ல் வெளியிட்டார். விளக்கம் எதையும் அவர் தர முயலவில்லை. இதுவே ஒளிமின் விளைவின் முதல் பதிவாகும். ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 1905ல் ஒளித்துகள் கருதுகோள் மூலம் இதற்கு விளக்கம் அளித்தார். ஒளி ஓர் அலை என்பதை உறுதி செய்த அதே சோதனைத் தொடரில், ஒளியை அலையாக மட்டும் கொண்டு விளக்க முடியாத நிகழ்வும் அகப்பட்டது வியப்புக்குரியது.

வேகம் முடிவிலியா?

1887 இறுதியில் ஹெர்ட்ஸ் மையக் கேள்விக்கு வந்தார். மின்விசை காற்றில் பரவுவதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறதா, இல்லையா? வினாடிக்கு 3,00,000 கி.மீ. என்ற அளவிலான வேகத்தை ஓர் அறைக்குள் கடிகாரம் கொண்டு அளப்பது இயலாது. எனவே குறுக்கீட்டு விளைவைப் பயன்படுத்தினார். அலைபரப்பியிலிருந்து ஒரு நீண்ட கம்பியை இழுத்து அதன் வழியாக ஓர் அலையைச் செலுத்தினார். காற்று வழியாக நேரே வருவது மற்றொன்று. இரண்டும் வட்டக் கம்பியில் சந்திக்கும்போது ஒன்றையொன்று வலுப்படுத்தும் அல்லது அழிக்கும். கம்பி வழி அலையின் அரை அலைநீளம் 2.8 மீட்டர். காற்று வழிச் செல்வாக்கு உடனடியாகப் பரவுமானால், ஒவ்வொரு 2.8 மீட்டருக்கும் வலுப்படுதல் அழிதலாக மாற வேண்டும். காற்றிலும் கம்பியிலும் வேகம் சமமானால் மாற்றமே இருக்கக்கூடாது.

முதல் அளவீடுகள் உடனடிப் பரவலைக் காட்டுவன போல் தோன்றின. அதாவது மாக்ஸ்வெல் தவறு. ஹெர்ட்ஸ் மனம் தளர்ந்து சோதனையை நிறுத்திவிட்டார். சில வாரங்கள் கழித்து, கொள்கை தவறு என்று உறுதியாக நிறுவினாலும் அதுவும் பயனுள்ள முடிவே என்று கருதி மீண்டும் தொடங்கினார். இம்முறை மாற்றம் நிகழும் தொலைவு ஏறத்தாழ 7.5 மீட்டர் எனக் கிடைத்தது. வேகம் முடிவுள்ளது என்பது உறுதியாயிற்று. ஆனால் காற்றில் வினாடிக்கு 3,20,000 கி.மீ., கம்பியில் 2,00,000 கி.மீ. என்று இருவேறு வேகங்கள் வந்தன. மாக்ஸ்வெல் கொள்கைப்படி இவை சமமாக இருக்க வேண்டும்.

இந்த முரண்பாடு பல ஆண்டுகள் நீடித்தது. அலைவு நேரத்தைக் கணித்ததில் ஹெர்ட்ஸ் ஒரு பிழை செய்திருந்ததை ஆன்றி பொயின்கரே சுட்டிக்காட்டினார். அதைத் திருத்தியபின் கம்பியில் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கியது, ஆனால் காற்றில் வேகம் மேலும் மிகையானது. அறையின் சுவர்களிலும் இரும்புப் பொருட்களிலும் பட்டுத் திரும்பிய அலைகளே இக்குழப்பத்துக்குக் காரணம் எனலாம். ஜெனீவாவைச் சேர்ந்த சராசின், டி லா ரிவ் ஆகியோர் 1893ல் பெரிய மண்டபத்தில் மிகப் பெரிய உலோகத் திரையைக் கொண்டு சோதனையைச் செய்து, இரு வேகங்களும் சமமே என்று காட்டினர். ஹெர்ட்ஸ் தம் கட்டுரைகளை 1892ல் நூலாகத் தொகுத்தபோது, பிழைகளை மறைக்காமல் குறிப்புகளுடன் வெளியிட்டார். பாடநூல்கள் பொதுவாக இப்பகுதியை விட்டுவிடுகின்றன.

நிலை அலைகளும் கதிர்களும்

1888ல் கல்லூரியின் விரிவுரை மண்டபத்தில் அடுத்த சோதனை நடந்தது. அங்கிருந்த எரிவாயு விளக்குகள் கழற்றப்பட்டன. ஒரு சுவரில் 4 மீட்டர் உயரமும் 2 மீட்டர் அகலமும் உள்ள துத்தநாகத் தகடு பொருத்தப்பட்டது. சுவரை நோக்கிச் செல்லும் அலையும் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து நிலை அலை உருவானது. வட்டக் கம்பியைச் சுவரிலிருந்து படிப்படியாக நகர்த்தியபோது, சில இடங்களில் பொறி வலுவாகவும் சில இடங்களில் இல்லாமலும் இருந்தது. அடுத்தடுத்த கணுக்களுக்கு இடையிலான தொலைவு 4.8 மீட்டர், எனவே அலைநீளம் 9.6 மீட்டர். இன்றைய கணக்கில் இது வினாடிக்குச் சுமார் 3 கோடி அதிர்வுகள், அதாவது 30 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது.

அதே ஆண்டின் இறுதியில் அலைநீளத்தை 66 செ.மீ. ஆகக் குறைத்தார். அலைநீளம் சிறிதானால் ஆடிகளைக் கொண்டு அலையை ஒருமுகப்படுத்தலாம். 2 மீட்டர் உயரமுள்ள துத்தநாகத் தகடுகளைப் பரவளைவாக வளைத்து இரண்டு ஆடிகள் செய்தார். ஒன்றில் அலைபரப்பி, மற்றொன்றில் வாங்கி. இவற்றைக் கொண்டு ஒளிக்குரிய பண்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். கதிர் நேர்கோட்டில் சென்றது. உதவியாளர் குறுக்கே நடந்தால் பொறி அணைந்தது, விலகினால் மீண்டும் தோன்றியது. மூடிய மரக்கதவை ஊடுருவி அடுத்த அறைக்குச் சென்றது. உலோகத் தகட்டில் பட்டுத் திரும்பியபோது படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமமாக இருந்தன. ஒளிவிலகலைக் காண, 600 கிலோகிராம் அளவு எடையுள்ள முப்பட்டகம் ஒன்றைக் கீலால் வார்த்தார். அதன் விலகல் எண் 1.69 எனக் கிடைத்தது. இறுதியாக, மரச் சட்டத்தில் செப்புக் கம்பிகளை 3 செ.மீ. இடைவெளியில் இணையாகக் கட்டிக் கதிரின் பாதையில் நிறுத்தினார். கம்பிகள் அலைபரப்பிக்குச் செங்குத்தாக இருந்தபோது அலை கடந்து சென்றது. இணையாக இருந்தபோது தடுக்கப்பட்டது. அலை குறுக்கலை என்பதற்கும், அது தளவிளைவு உடையது என்பதற்கும் இது நேரடிச் சான்று.

இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் இதே காலத்தில் கம்பிகளின் வழியே செல்லும் அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எனினும் 1888 செப்டம்பரில் பாத் நகரில் கூடிய பிரித்தானிய அறிவியல் மாநாட்டில் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஹெர்ட்ஸின் முடிவுகளையே அறிவித்தார். அரச கழகம் 1890ல் ஹெர்ட்ஸுக்கு ரம்ஃபோர்ட் பதக்கம் வழங்கியது.

ஹெர்ட்ஸும் தம் அலைகள் ஈதரில் பரவுவதாகவே நம்பினார். ஈதரைப் பற்றிய ஐயத்தை வலுப்படுத்திய மைக்கல்சன்–மோர்லி சோதனை 1887ல் நடந்திருந்தாலும், ஐன்ஸ்டைனின் 1905 ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பின்னரே ஈதர் தேவையற்றது என்ற முடிவு ஏற்கப்பட்டது. மின்காந்த அலையில் அசைவது எந்தப் பொருளும் அல்ல. மின்புலமும் காந்தப்புலமுமே மாறுகின்றன. ஆகவே அதற்கு ஊடகம் தேவையில்லை.

பான் காலமும் இறப்பும்

1889ல் பான் பல்கலைக்கழகத்தில் ருடோல்ஃப் கிளாசியஸ் வகித்த பதவிக்கு ஹெர்ட்ஸ் நியமிக்கப்பட்டார். அங்கே மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை எளிய வடிவில் திருத்தி எழுதினார். 1892ல் எதிர்முனைக் கதிர்கள் மெல்லிய உலோகத் தகடுகளை ஊடுருவுவதைக் கண்டார். இவரது உதவியாளர் பிலிப் லெனார்ட் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். முன்னதாக 1883ல், எதிர்முனைக் கதிர்கள் மின்புலத்தால் வளைக்கப்படுவதில்லை என்று ஹெர்ட்ஸ் தவறாக முடிவு செய்திருந்தார். குழாயில் எஞ்சியிருந்த வளிமமே அதற்குக் காரணம். 1897ல் ஜே. ஜே. தாம்சன் மேலும் சிறந்த வெற்றிடத்தில் அந்த வளைவைக் கண்டு எலக்ட்ரானை இனங்கண்டார்.

தம் அலைகளைச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்த ஹெர்ட்ஸ் முயலவில்லை. 1889ல் ஒரு பொறியாளர் தொலைபேசிக்கு இவற்றைப் பயன்படுத்தலாமா என்று கடிதம் எழுதிக் கேட்டார். தொலைபேசியின் அலைவுகள் மிக மெதுவானவை என்றும், அவற்றின் அலைநீளம் ஏறத்தாழ 300 கி.மீ. என்பதால் கண்டத்தின் அளவுள்ள ஆடிகள் தேவைப்படும் என்றும் ஹெர்ட்ஸ் பதிலளித்தார். கேட்கப்பட்ட கேள்விக்கு அந்தக் கணக்கு சரியே. பேச்சின் அதிர்வை உயர் அதிர்வெண் அலையின்மீது ஏற்றி அனுப்பும் பண்பேற்ற முறை அப்போது யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1890களின் நடுவில் ஹெர்ட்ஸின் சோதனைகளை மில்லிமீட்டர் அளவிலான அலைகளுக்கு விரிவாக்கினார். குலியெல்மோ மார்க்கோனி 1901ல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து சைகை அனுப்பினார்.

1892 முதல் மூக்கு, காது, தாடை ஆகிய பகுதிகளில் கடும் நோய்த்தொற்றால் ஹெர்ட்ஸ் துன்புற்றார். பல அறுவை சிகிச்சைகள் செய்யப்பட்டும் குணமாகவில்லை. இரத்த நாளங்களைத் தாக்கும் அரிய நோயொன்று அவருக்கு இருந்திருக்கலாம் எனப் பிற்கால மருத்துவர்கள் கருதுகின்றனர். நோயின் நடுவே இயக்கவியலின் அடிப்படைகள் பற்றிய நூலை எழுதி முடித்தார். விசை என்ற கருத்தை அடிப்படையாகக் கொள்ளாமல் இயக்கவியலை அமைக்க முயலும் இந்நூல், லெனார்டின் மேற்பார்வையிலும் ஹெல்ம்ஹோல்ட்ஸின் முன்னுரையுடனும் 1894ல் வெளிவந்தது. அதைக் காண ஹெர்ட்ஸ் இல்லை. 1894 ஜனவரி 1 அன்று பான் நகரில் காலமானார். மாணவருக்கு முன்னுரை எழுதிய ஹெல்ம்ஹோல்ட்ஸும் அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். ஹெர்ட்ஸின் உடல் ஹாம்பர்க்கின் ஓல்ஸ்டார்ஃப் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

பெயரும் குடும்பமும்

வினாடிக்கு ஒரு சுற்று என்னும் அலகுக்கு ஹெர்ட்ஸ் என்ற பெயரை பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1930ல் ஏற்றது. 1960ல் அது பன்னாட்டு அலகு முறையில் சேர்க்கப்பட்டது. ஹெர்ட்ஸின் தம்பி மகன் குஸ்டாவ் லுட்விக் ஹெர்ட்ஸ், ஜேம்ஸ் ஃபிராங்குடன் இணைந்து 1925 ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றவர்.

நாட்சி ஆட்சியில் ஹெர்ட்ஸின் யூத மரபு காரணமாக அவரது உருவப்படம் ஹாம்பர்க் நகர மண்டபத்திலிருந்து அகற்றப்பட்டது. அவருடைய முன்னாள் உதவியாளர் லெனார்ட் அந்த ஆட்சியின் முன்னணி ஆதரவாளராக விளங்கினார். தந்தையின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் 1927ல் தொகுத்து வெளியிட்டவர் மூத்த மகள் ஜோஹன்னா. விலங்குகளின் புலனுணர்வை ஆராய்ந்த உயிரியலாளரான இளைய மகள் மத்தில்டே, 1933ல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமையை இழந்தார். 1930களின் நடுப்பகுதியில் தாயும் இரு மகள்களும் இங்கிலாந்தில் குடியேறினர். தந்தை இறந்தபோது மூன்று வயதுகூட நிரம்பாதிருந்த மத்தில்டே, 1975ல் கேம்பிரிட்ஜில் காலமானார்.